பதினொரு நொடியில் தீர்ந்த பிலிம்

கடந்த ஆண்டு என் மகள் படித்த தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்கான தகுதிச்சுற்று நடந்தது. 4 x 100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் அவள் மூன்றாவது ஆள். விசில் ஊதிய மறுநொடியே கேமராவின் பொத்தானை அழுத்தினேன். சடக், சடக், சடக் என்று அது பொரிந்து தள்ளியது. பக்கத்தில் நின்ற பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் பிள்ளை பேட்டனை இரண்டாவது பிள்ளையிடம் கொடுப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. 36 படமும் முடிந்திருந்தது. சற்று நேரத்தில் என் மகள் பேட்டனை வாங்கிக்கொண்டு என் முன்னாலேயே ஓடிப் போனாள். நான் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கைதட்டினேன்.

கழுவி வந்த பிலிமில் முதல் பிள்ளை மட்டும்தான் இருந்தாள். வேறு ஒருவர் வீட்டுச் செல்லம். அந்த 36 படங்களுக்கு நான் செலவழித்த காசில் நாங்கள் நான்கு பேரும் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கலாம் என்று மனைவி கணக்குச் சொன்னார். “போன்லயே எடுத்திருக்கலாம்ல?” என்றும் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேமரா ஈப்போவில் இருக்கும் தாய்மாமாவினுடையது. 1980களில் ஒரு பத்திரிகைக்காக வார இறுதிகளில் காற்பந்து ஆட்டங்களைப் படம் எடுத்தவர். சம்பள வேலை வேறு; இது பகுதிநேரம். பேருக்கு ஒரு தொகை, ஆட்டத்துக்கு இரண்டு பிலிம் சுருள், அவ்வளவுதான் கிடைக்குமாம். நிக்கான் எஃப்எம்2 என்ற கேமராவும், அதன் அடியில் திருகி மாட்டும் எம்டி-12 என்ற மோட்டாரும் அவர் பல மாதம் சேமித்து வாங்கியவை. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, பழைய பிஸ்கட் டின்னுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்திருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தார். நம் ஊர்க் காற்றில் லென்ஸைச் சும்மா அலமாரியில் வைத்தால் பூஞ்சைதான் பிடிக்கும். லென்ஸைக் காப்பாற்றியவர் மோட்டாரை மறந்துவிட்டார். உள்ளே விட்டிருந்த பேட்டரிகள் ஒழுகி, உலோகத் தொடுமுனைகளில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. பஞ்சுக்குச்சியில் வினிகரைத் தொட்டு ஒரு மாலை முழுக்கத் துடைத்த பிறகுதான் அது உயிர் பெற்றது. அதிலிருந்து எப்போது பேசினாலும், “வேலை முடிஞ்சதும் பேட்டரிய எடுத்துருடா” என்பது மாமாவின் கடைசி வரி.

இறுதிச்சுற்றுக்கு இரண்டு வாரம் இருந்தது. மகளுக்கு ஆறாம் ஆண்டு. இந்தப் பள்ளியில் அவளுக்கு இதுதான் கடைசி ஓட்டம். ஒரு சனிக்கிழமை ஈப்போவுக்கு வண்டியை விட்டேன்.

நடந்ததைச் சொன்னதும் மாமா சிரித்தார். “மோட்டாரு ஒனக்காகப் பாத்து எடுக்கும்னு நெனச்சியா? அது அடுத்த படத்துக்குப் பிலிமத் தள்ளி வைக்கும். அதுக்கு மேல அதுக்கு ஒண்ணும் தெரியாது.”

மோட்டார் இல்லாத கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் பிறகு வலது கட்டைவிரலால் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். பிலிம் ஒரு படம் நகரும். ஷட்டரும் அடுத்த படத்துக்குத் தயாராகும். பழகிய கைக்கு இது ஒரு நொடிகூட ஆகாது. ஆனால் விரல் தள்ளும்போது கேமரா ஆடும், கண் சற்றே விலகும், ஓடுகிற ஆள் சட்டத்தை விட்டு வெளியே போய்விடுவார். மோட்டார் அந்த விரல் வேலையை எடுத்துக்கொள்கிறது. கண் ஒட்டிய இடத்திலேயே இருக்கலாம். எட்டு டபுள் ஏ பேட்டரிகளைச் சுமந்துகொண்டு எம்டி-12 செய்வது இதைத்தான், நொடிக்கு மூன்று படத்துக்குச் சற்று அதிகமான வேகத்தில். விரலை எடுக்காமல் அழுத்தினால் 36 படங்கள் சுமார் பதினொரு நொடியில் போய்விடும். எனக்கு நடந்தது அதுதான்.

பிறகு மாமா கேமராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸையும் கழற்றி, என் முகத்துக்கு நேராகப் பிடித்து ஒரு முறை அழுத்தினார். உள்ளே இருந்த கண்ணாடி மேலே எழுந்தது, ஷட்டர் திறந்து மூடியது, கண்ணாடி கீழே இறங்கியது. லென்ஸ் வழியே வரும் காட்சியை நம் கண்ணுக்கு அனுப்புவது அந்தக் கண்ணாடிதான். பிலிமில் ஒளி படும் அந்தக் கணத்தில் அது விலகி மேலே போய்விடுவதால் நமக்கு எதுவும் தெரியாது. ஒரு இமைப்பு இருட்டு.

“அப்பன்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். “கோலு உள்ள போறத நீ கண்ணால பாத்துட்டின்னா, அது ஒன் படத்துல இல்ல. பாக்கலன்னா, ஒருவேள இருக்கும்.”

எத்தனை வேகமான மோட்டாரைப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறக்கிறது என்று வையுங்கள். நொடிக்கு மூன்று படம் எடுத்தால், அந்த ஒரு நொடியின் ஆயிரம் பங்கில் மூன்று பங்குதான் பிலிமில் பதிகிறது. மீதி 997 பங்கு கேமராவுக்கு வெளியே நடக்கிறது. நொடிக்கு ஆறு மீட்டர் ஓடும் ஒரு பள்ளிப் பிள்ளை ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மீட்டர் போய்விடுவாள்.

மாமா இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் சி. குணாளன் 100 மீட்டரை 10.38 நொடியில் ஓடினார். 2001ஆம் ஆண்டில் யூ. கே. ஷியாம் 10.37 ஓடும்வரை அதுதான் சிங்கப்பூரின் தேசியச் சாதனை. குணாளனை நொடிக்கு ஐந்து படம் எடுக்கும் கேமராவால், தொடக்கத்திலிருந்து விரலை எடுக்காமல் ஒருவர் எடுத்திருந்தால்? 36 படங்களும் 7.2 நொடியில் தீர்ந்திருக்கும். குணாளன் அப்போது 70 மீட்டர் கோட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். ஓட்டத்தின் முடிவு, நெஞ்சை முன்னால் தள்ளிக் கோட்டைத் தாண்டும் அந்தத் தருணம், அந்தப் படக்காரரிடம் இருந்திருக்காது.

ஒரு அசைவைத் துண்டு துண்டாக நிறுத்திப் பார்க்கும் ஆசை மோட்டாருக்கு முந்தியது. பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது 19ஆம் நூற்றாண்டில் பெரிய வாதம். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 1878 ஜூன் மாதம் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் பாதை ஓரத்தில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல் கட்டினார். குதிரை ஒவ்வொரு நூலாக அறுத்துக்கொண்டு ஓட, ஒவ்வொரு கேமராவாக இயங்கியது. நான்கு காலும் எழுவது உண்மைதான் என்று தெரிந்தது. ஆனால் ஓவியர்கள் காலங்காலமாக வரைந்ததுபோல் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது இல்லை. நான்கும் வயிற்றுக்கடியில் கூடியிருக்கும்போது. கண் பார்த்ததாக நினைத்தது வேறு, நடந்தது வேறு.

அதன்பிறகு பன்னிரண்டு கேமராவின் வேலையை ஒரே கேமராவுக்குள் அடக்கும் போட்டிதான். 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவுக்கு எஃப்-36 என்றொரு மோட்டார் கிடைத்தது. 36 படம் போதாது என்பவர்களுக்கு 250 படம் பிடிக்கும் பெரிய பின்பெட்டியும் இருந்தது. அதற்குச் சுமார் பத்து மீட்டர் பிலிம் வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்காக கேனன் நிறுவனம் நொடிக்கு 14 படம் எடுக்கும் எஃப்-1 ஒன்றைச் செய்தது. கண்ணாடி மேலும் கீழும் போய்வர அவ்வளவு வேகத்தில் நேரம் கிடையாது. ஆகவே ஒளியில் ஒரு பங்கைப் பிலிமுக்கு விட்டு, ஒரு பங்கைக் கண்ணுக்குத் திருப்பும் மெல்லிய கண்ணாடியை அசையாமல் பொருத்திவிட்டார்கள். இருட்டு இல்லை, சரிதான். ஆனால் 36 படச் சுருள் இரண்டரை நொடியில் காலி. குணாளன் அதற்குள் இருபது மீட்டர்கூடப் போயிருக்க மாட்டார்.

எல்லாரும் அறிந்த ஒரு படத்தை மாமா நினைவூட்டினார். 1965 மே மாதம், அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரில், விழுந்து கிடக்கும் சோனி லிஸ்டனின் மேல் நின்று முகமது அலி கையை மடக்கிக் கத்தும் வண்ணப்படம். நீல் லைஃபர் எடுத்தது. அவர் கையில் மோட்டார் கேமரா இல்லை, ரோலிஃபிளெக்ஸ். மேலே கட்டியிருந்த பெரிய ஃபிளாஷ் விளக்குகள் மறுபடி மின்சாரம் ஏறக் காத்திருக்க வேண்டும் என்பதால் அந்தத் தருணத்துக்கு அவருக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். படத்தை உற்றுப் பாருங்கள். அலியின் கால்களுக்கு இடையே எதிர்ப்பக்கத்தில் இன்னொரு படக்காரர் தெரிவார். அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு. நிற்கும் இடம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. இதைக் கேட்டதும் மோட்டாரே வேண்டாமோ என்று நினைத்தேன். “அப்படி இல்ல. எடத்தையும் நேரத்தையும் நீ முடிவு பண்ணு, அதுக்கப்புறம் மோட்டாரு ஒனக்கு ஒண்ணுக்கு மூணா குடுக்கும்,” என்றார் மாமா.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டு முன்னால் பாடம். பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் வருவான். நான் எடுக்க வேண்டும், பிலிம் இல்லாமல். ஓடி வருபவரைத் துரத்திக்கொண்டே லென்ஸைத் திருகாதே என்றார். அவர் வந்து சேரப்போகும் இடத்தில் தரையில் ஒரு புள்ளியைப் பிடி, அதற்குக் குவியத்தை வைத்துவிட்டுக் கையை எடு, ஆள் அங்கு வரட்டும். பார்த்ததும் அழுத்துவது பிந்திவிட்டது என்று பொருள். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அசைய ஏறத்தாழ கால் நொடி போய்விடும். நடக்கப்போவதற்கு முன்னால் உடம்பு ஒரு சைகை காட்டும், அதற்கு அழுத்து. பூப்பந்தில் ஷட்டிலைப் பார்த்தால் தோற்றாய், ஆட்டக்காரரின் தோளைப் பார். மூன்று அல்லது நான்கு படம், விரலை எடு. மறுபடி அழுத்து.

அவர் இதை எப்படிப் பழகினார் என்பதையும் சொன்னார். 1992 மே மாதம் ஸ்டேடியம் நெகாராவில் மலேசியா இந்தோனேசியாவை 3-2 என்று வென்று தோமஸ் கிண்ணத்தைத் தூக்கியதே, அன்று படம் எடுக்க உள்ளே போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தொலைக்காட்சி முன்னால் பிலிம் இல்லாத கேமராவோடு உட்கார்ந்து, ஃபூ கோக் கியோங் தரையில் பாய்ந்து எடுக்கும்போதெல்லாம் அழுத்திக்கொண்டிருந்தாராம். அத்தை சத்தம் தாங்காமல் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “எப்பவும் பத்துப் படமாவது மிச்சம் வை. கோலு விழுந்ததும் எல்லாரும் கேமராவ எறக்கிருவாங்க. அப்பதான் கோல்கீப்பரு மொகத்தப் பாக்கணும்.”

இறுதிச்சுற்று நாள். மொத்தக் கூட்டமும் முடிவுக்கோட்டுப் பக்கம் கூடாரத்தில் இருந்தது. நான் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, திடலின் எதிர்ப்பக்க வளைவுக்கு வெளியே போய் நின்றேன். இரண்டாவது பிள்ளை என் மகளுக்கு பேட்டன் கொடுக்கும் இடம் அது. அந்த இரண்டாவது பிள்ளை மகளின் உயிர்த்தோழி. முதலாம் ஆண்டிலிருந்து ஒரே மேசை. நான்காவது பாதையின் சுண்ணாம்புக் கோட்டுக்கு 135 மில்லிமீட்டர் லென்ஸின் குவியத்தை வைத்தேன். 400 வேகப் பிலிம், எஃப் 8, ஷட்டர் ஆயிரத்தில் ஒன்று. வரிசையில் நின்றபோது எடுத்ததில் எட்டுப் படம் போயிருந்தது. 28 மிச்சம்.

விசில் ஊதியபோது விரல் அரித்தது. அழுத்தவில்லை.

முதல் மாற்றம் சுத்தமாக முடிந்து எங்கள் அணி முன்னால் வந்தது. தோழி வளைவில் வருகிறாள். மகள் ஓடத் தொடங்கி, கையைப் பின்னால் நீட்டினாள். தோழியின் தோள் முன்னே சாய்ந்தது. அழுத்தினேன். இரண்டு நொடிக்கும் கொஞ்சம் அதிகம். சட்டத்துக்குள் எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரிந்தது, இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம். அடுத்த வெளிச்சத்தில் பேட்டன் புல்லில் கிடந்தது.

அப்பாவாக என் கை கீழே இறங்கப் பார்த்தது. மாமா சொன்னது நினைவில் இருந்ததால் இறக்கவில்லை. மோட்டாரை ஒற்றைப் படத்துக்குத் திருப்பி, ஐந்தோ ஆறோ எடுத்தேன். எங்கள் அணி கடைசியாக வந்தது.

அன்று இரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கியது. சரியாகப் பிடிக்கவில்லை என்றார் ஒருவர். அவசரப்பட்டு விட்டுவிட்டாள் என்றார் இன்னொருவர். கூடாரத்திலிருந்து போனில் எடுத்த வீடியோக்கள் நான்கைந்து வந்தன. எல்லாவற்றிலும் பக்கத்துப் பாதைப் பிள்ளை குறுக்கே வந்து மறைத்திருந்தாள். பள்ளியில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் திங்கட்கிழமை மகள் பள்ளி வேனில் தோழியோடு உட்காரவில்லை. செவ்வாயும் இல்லை. புதன்கிழமை என்னிடம் வந்து, “அப்பா, ஒங்க பிலிம்ல தெரியும்ல, யாரு மேல தப்புன்னு?” என்று கேட்டாள்.

எதிர்பார்க்காத கேள்வி. தெரியும் என்று சொல்லவும் பயம், தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. கடையில் பிலிம் கழுவ வாரம் ஒருமுறைதான் அனுப்புவார்கள். ஒன்பது நாள் காத்திருந்தோம். இதற்குள் ஒரு நாள் தோழியின் அம்மா போனில் அழைத்து, படம் வந்ததும் தங்களுக்கும் காட்டச் சொன்னார். குரல் பதமாகத்தான் இருந்தது. ஆனாலும் வழக்கைக் கேட்க வருகிறேன் என்பதுபோல் எனக்குப் பட்டது.

பிலிம் வந்த மாலை தோழியை அவள் அம்மா அழைத்து வந்தார். சாப்பாட்டு மேசையில் மகளின் டேப்லெட்டை வெள்ளைத் திரையாக ஒளிரவிட்டு, அதன் மேல் நெகட்டிவை விரித்தேன். மாமாவின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 9, 10, 11: தோழி நெருங்குகிறாள். 12: இரண்டு கைகளும் பேட்டன் மேல், தோழியின் விரல்கள் பின்முனையில், மகளின் விரல்கள் முன்முனையில். 13: இரண்டு கைகளும் வெறுமை, பேட்டன் முழங்கால் உயரத்தில் அந்தரத்தில்.

12க்கும் 13க்கும் நடுவே பிலிமில் இரண்டு மில்லிமீட்டர் வெற்றுப் பட்டை. நேரத்தில் அது நொடியின் மூன்றில் ஒரு பங்கு. மைபிரிட்ஜின் குதிரைக்கு நூல் சரியான இடத்தில் அறுந்தது. எங்களுக்கு அறுபடவில்லை.

“தெரியல,” என்றேன். “நடந்தது ரெண்டு படத்துக்கும் இடையில.”

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. தோழிதான் முதலில் வாய் திறந்தாள். “நான்தான் சீக்கிரம் விட்டுட்டேன்னு நெனைக்கிறேன் அங்கிள்.” உடனே என் மகள், “இல்ல, நான் இன்னும் கொஞ்சம் எட்டிப் புடிச்சிருக்கலாம்,” என்றாள். அதற்கு அவள் இல்லை என்றாள், இவள் ஆமாம் என்றாள். சண்டை வேறு திசைக்குப் போய்விட்டது. அம்மாக்கள் இருவரும் தேநீர் கலக்க எழுந்து போனார்கள்.

மகள் உருப்பெருக்கியை மேலும் நகர்த்தினாள். 16இல் தோழி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். 17 மங்கல். 18இல் நிறுத்தி வெகுநேரம் பார்த்தாள், பிறகு தோழியைப் பார்க்கச் சொன்னாள். தோழி குனிந்து பேட்டனை எடுக்கிறாள். என் மகள் முழுக்கத் திரும்பி நின்று, உள்ளங்கையை விரித்துக் கையை நீட்டியிருக்கிறாள். மூன்றாவது பாதைப் பிள்ளை சட்டத்தின் ஓரத்தில் பாதி உடம்பாக வெளியே போய்க்கொண்டிருக்கிறாள். இவர்கள் இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

“இத மட்டும் ரெண்டு பெருசா போட்டுக் குடுங்கப்பா.”

மூன்றாகப் போட்டேன். மூன்றாவதை ஈப்போவுக்கு அனுப்பினேன். கிடைத்த அன்றே மாமா அழைத்தார். குவியம் பிள்ளைகள் மேல் இல்லை, பின்னால் இருக்கும் சுண்ணாம்புக் கோட்டில் விழுந்திருக்கிறது என்றார். உண்மைதான். பிறகு, மோட்டாரிலிருந்து பேட்டரியை எடுத்துவிட்டேனா என்று கேட்டார்.